பிணத்துக்கு விழுந்த பதினேழு லுங்கிகள்

பிணமாக நடிப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை மே மாதத்தில் குடியாத்தத்தில் செத்துப் பார்க்க வேண்டும். நான் செத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு கல்யாண மண்டபம் நிறைய ஆட்கள், பெற்ற தாய் மூன்றாவது வரிசையில், நான் மேடையில் மூக்கில் பஞ்சோடு. (பஞ்சு என்னுடைய சொந்த யோசனை. யாரும் வைக்கச் சொல்லவில்லை.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு குடியாத்தம், வேலை ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் செக்‌ஷனில். எங்கள் வீட்டில் லுங்கி நெசவுதான் பரம்பரைத் தொழில். தறிச் சத்தமும் தூசியும் ஒத்துக்கொள்ளவில்லை என்று சண்டை போட்டு நான் கம்பெனிக்குப் போனேன். அங்கே அதைவிடப் பெரிய சத்தம் என்பது சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? அதனால் ஷிப்ட் முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பதற்காக மூன்று தடவை கூடி மூன்று தடவையும் சண்டை போட்டுக்கொண்டு கலைந்தோம். எழுதுவது, இயக்குவது, திட்டுவது எல்லாமே கலைச்செல்வி மேடம். வேலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மேடையில் நான்கு விநாடி மௌனம் என்று அவர் எழுதியிருந்தால் நான்கு விநாடிதான். ஐந்தாவது விநாடிக்கு மார்க் குறைப்பார்.

எனக்கு நடிப்பு வராது. முதல் நாடகத்தில் எனக்கு ஒரே ஒரு வசனம்: "ஐயா, லாரி வந்திருச்சு." மேடைக்கு வந்து ஐயாவைப் பார்த்தேன், ஐயா என்னைப் பார்த்தார், லாரி வரவே இல்லை. இரண்டாவது நாடகத்தில் என்னை வேலி ஓரம் நிற்கிற ஆளாகப் போட்டார்கள். வேலி சாய்ந்துவிட்டது. மூன்றாவது நாடகத்துக்கு ஆள் பிரிக்கும்போது என்னை என்ன செய்வது என்று மேடம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வனஜா வாயைத் திறந்தாள்.

"பொணமா போடுங்க மேடம். அதுலயாவது தப்பு பண்றானான்னு பாப்போம்."

வனஜா ஆம்பூர்க்காரி. எங்கள் கம்பெனியிலேயே ஸ்டிச்சிங் லைனில் வேலை. குழுவிலேயே நன்றாக நடிப்பவள் அவள்தான். பிணத்தின் மகளாக நடிப்பதும் அவள்தான். பத்து நிமிடம் அவள் பக்கத்தில் சும்மா படுத்திருக்கலாம் என்றதும் நான் உடனே தலையாட்டிவிட்டேன். (என்னவோ ஆஸ்கார் வேஷம் கிடைத்த மாதிரி.)

நாடகத்தின் கதை இவ்வளவுதான். தோல் மண்டியில் வேலை பார்க்கிற ஒருவன், ஊரெல்லாம் பகைத்துக்கொண்டு வாழ்ந்து, கடைசியில் செத்துப்போகிறான். கடைசிக் காட்சியில் அவன் உடம்பை மேடை நடுவில் கிடத்தியிருக்கும். மகள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது வருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். பத்து நிமிடம். வசனம் கிடையாது. ஒருத்தரும் வர மாட்டார்கள். விளக்கு அணையும்.

"அந்தப் பத்து நிமிஷ வெறுமை பாக்கறவங்க மேல இறங்கணும்," என்பார் மேடம். "அந்தக் கனத்தோட எழுந்து வெளியே போறப்ப, வாசல்ல நம்ம பெட்டி இருக்கும்."

பெட்டிதான் விஷயமே. மேடத்துக்கு டிக்கெட் என்ற வார்த்தையே ஆகாது. பார்ப்பதற்கு முன்னாலேயே காசு வாங்குவது எந்த ஊர் நியாயம் என்று கேட்பார். பார்த்து முடித்தபின் மனசுக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கொடுக்கட்டும். கொடுக்கத் தோன்றவில்லையா, நாம் சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம். கேட்க எங்களுக்கும் நன்றாகத்தான் இருந்தது.

முதல் தடவை ஆம்பூரில் போட்டோம். ஒரு ஷூ டப்பாவில் ஓட்டை போட்டு, மேலே கலர் பேப்பர் ஒட்டி, வாசலில் ஸ்டூல் மேல் வைத்தோம். பக்கத்தில் மேடம் நின்றார். ஜனங்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி ஒரு டீச்சர் நின்றுகொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தால் யார் அந்த வழியாக வருவார்கள்? பாத்ரூம் பக்கம் இன்னொரு கதவு இருந்தது. மொத்தக் கூட்டமும் அந்த வழியாகப் போய்விட்டது. பெட்டியைத் திறந்தபோது சில பத்து ரூபாய் நோட்டுகளும், ஒரு பஸ் டிக்கெட்டும், ஒரு கல்யாணப் பத்திரிகையும் இருந்தன. (அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் எட்டுப் பேரும் போனோம். பிரியாணி நன்றாக இருந்தது.)

அந்தச் சமயம் பார்த்து ராஜமாணிக்கம் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பள்ளிகொண்டா பக்கம் மனை போட்டு விற்கிறவர். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் செருப்பு, கையில் இரண்டு போன். லைட், வேன், மண்டபம் எல்லாச் செலவும் தன்னுடையது என்றார். பதிலுக்கு இரண்டே இரண்டு சின்ன விஷயம். மேடைக்குப் பின்னால் முழு அகலத்துக்கு அவருடைய பேனர் இருக்க வேண்டும். அப்புறம், சாகப்போகிறவன் கடைசியாக ஒரு வசனம் பேச வேண்டும். அதை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்: "ராஜமாணிக்கம் நகரில் ஒரு மனை வாங்காமலே போகிறேனே."

மேடம் அந்தச் சீட்டை இரண்டு தடவை படித்தார்.

"சாகறவன் கடைசியா சொல்ற வார்த்தைதான் மேடம் ஜனங்க மனசுல நிக்கும்," என்றார் ராஜமாணிக்கம், வேண்டியவர் மாதிரி. "மத்ததெல்லாம் அப்பவே மறந்துடும்."

அவர் போனதும் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். அதுவரை லைட் வாடகையும் வேன் வாடகையும் எங்கள் சம்பளத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. எத்தனை மாதம்தான் போடுவது? பாதிப் பேர் பேனர் கட்டலாம் என்றார்கள். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். குடியாத்தத்தில் இன்னும் ஒரு தடவை மேடம் சொல்கிறபடி போடுவது. ஜனங்கள் தாங்களாகக் கொடுத்து அன்றைய செலவு வந்துவிட்டால் இனிமேல் எப்போதும் அப்படியே. வராவிட்டால் ராஜமாணிக்கம்.

"ராஜமாணிக்கம்னா நீங்க மட்டும் போட்டுக்குங்க. அந்த பேனருக்குக் கீழ நான் நிக்க மாட்டேன்," என்றார் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேடம் இல்லாவிட்டால் எங்களுக்கு நாடகம் இல்லை, அது எல்லோருக்கும் தெரியும். நாடகம் இல்லாவிட்டால் வனஜா பக்கத்தில் உட்கார எனக்கு வேறு காரணம் இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும்.

குடியாத்தம் என் ஊர் என்பதால், ஆரம்பத்தில் மைக்கில் அறிவிப்புச் செய்யும் வேலை எனக்கு வந்தது. மேடம் மூன்று வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். இந்த நாடகத்துக்கு டிக்கெட் இல்லை. நாடகம் முடிந்தபின் வாசலில் ஒரு பெட்டி இருக்கும். உங்கள் மனசுக்குத் தோன்றியதை அதில் போடுங்கள். "மூணு வாக்கியம். நாலாவது வேணாம் குமரேசா," என்றார். நான் ஒரு வாரம் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மனப்பாடம் செய்தேன்.

வீட்டில் அம்மாவிடம் எனக்கு முதலாளி வேஷம் என்று சொல்லியிருந்தேன். உயிரோடு இருக்கிற பிள்ளை பிணமாகப் படுக்கப்போகிறான் என்றால் எந்த அம்மா விடுவாள்? வெயில் ஜாஸ்தி, நீ வராதே என்றும் சொன்னேன். அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பாதித் தெருவைக் கூட்டிக்கொண்டு, நாலரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். மகன் முதலாளி ஆவதைப் பார்க்க வேண்டாமா?

நெசவுக்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்னக் கல்யாண மண்டபம் அது. எதிரிலேயே முனுசாமி மாமாவின் தறிக் கொட்டகை. முனுசாமி மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. ஆனால் தெருவில் எல்லோருக்கும் மாமா. ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாததால் முதல் வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில், எங்கள் பெட்டி காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக ராஜமாணிக்கமும் வந்திருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். "இந்த நாடகத்துக்கு டிக்கெட் இல்லை," என்றேன். கை தட்டினார்கள். எனக்கு யாரும் கை தட்டியது அதுவே முதல் தடவை. அதோடு என் நாக்கில் சனி வந்து உட்கார்ந்தது.

"நம்ம ஊர்ல கூத்து நடக்கும்போது நாம இன்னா பண்ணுவோம்? பிடிச்ச வேஷக்காரருக்கு மேடை ஏறிப் போய் குடுப்போம் இல்ல? அதே மாதிரிதான் இதுவும். பணம்தான் குடுக்கணும்னு இல்ல. உங்ககிட்ட இன்னா இருக்குதோ, மனசு இன்னா சொல்லுதோ, குடுங்க."

மறுபடியும் கைதட்டல், முதலைவிடப் பலமாக. பெட்டியை மறந்தேன். வாசலை மறந்தேன். 'முடிந்தபின்' என்ற வார்த்தையையும் மறந்தேன். மேடம் அப்போது பின்பக்கம் ஒரு லைட் எரியவில்லை என்று வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"மூணு வாக்கியமும் சொல்லிட்டியா?" என்றார்.

"சொல்லிட்டேன் மேடம். புரியற மாதிரி கொஞ்சம் சேத்தே சொல்லிட்டேன்."

கூத்தில் கொடுப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்கு இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கம் கூத்து நடக்கும்போது, ஒரு வேஷம் பிடித்துவிட்டால் ஆள் எழுந்து மேடைக்கே போவார். நோட்டை வேஷக்காரரின் உடுப்பில் ஊக்கால் குத்துவார், அல்லது துண்டு போர்த்துவார். உடனே மத்தளம் நிற்கும். யுத்தமே நடந்துகொண்டிருந்தாலும் நிற்கும். கொடுத்தவர் பெயர், அவர் அப்பா பெயர், தெருப் பெயர் எல்லாவற்றையும் சொல்லி, அவரும் அவர் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துவார்கள். பெயர் சொல்லி முடியும்வரை கொடுத்தவர் மேடையை விட்டு இறங்க மாட்டார். பிறகு யுத்தம் விட்ட இடத்திலிருந்து நடக்கும்.

நாடகம் ஆரம்பித்தது. முக்கால் மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. நான் இருமி, நெஞ்சைப் பிடித்து, செத்தேன். விளக்கு அணைந்து எரிந்தபோது மேடை நடுவில் பாயில் கிடந்தேன். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தது. மூக்கில் பஞ்சு இருந்ததால் வாய் வழியாக மூச்சுவிட வேண்டியிருந்தது. அதையும் தெரியாமல் விட வேண்டியிருந்தது. அரைக்கண்ணால் மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணைத் தப்பித்தவறிக்கூடத் திறக்கக் கூடாது என்று இறுக்கி மூடிக்கொண்டேன்.

வனஜா பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்தாள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அரங்கமே மூச்சுவிடவில்லை. ஆம்பூரில் இந்த இடத்தில் இருமினார்கள், போன் பார்த்தார்கள். இங்கே ஒரு சத்தமில்லை. மேடம் சொன்ன கனம் இறங்கிவிட்டது என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

அப்போது மேடைப் பலகை கிறீச்சிட்டது.

யாரோ ஏறி வருகிறார்கள். ஒருத்தரும் வரக் கூடாத காட்சியில் யார் வருவது? பீடி வாசனையும் எந்திர எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்ததும் முனுசாமி மாமா என்று தெரிந்துவிட்டது. குனிந்தார். என் நெஞ்சில் ஒரு நோட்டை வைத்து ஊக்கால் குத்தினார். ஊக்கு பாதி சட்டையிலும் பாதி என்மேலும் ஏறியது. நான் அசையவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக நடித்த விநாடி அதுதான்.

மாமா போகவில்லை. என் காதருகே குனிந்து, "பேர் சொல்லுடா," என்றார்.

நான் செத்துக் கிடந்தேன்.

"குமரேசா, பேர் சொல்லு. அப்பா பேரு தெரியும் இல்ல? ஏகாம்பரம்."

உதட்டை அசைக்காமல், "அப்புறம் மாமா," என்றேன்.

மாமா நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து, "அப்புறம் சொல்றானாம்," என்றார்.

பின்னால் யாரோ, "செத்தவன் எப்படி மாமா பேசுவான்?" என்று கேட்டார்.

"கூத்துல செத்தவன்கூட எந்திரிச்சி பேர் சொல்லிட்டுதான் மறுபடி சாவான். இது இன்னாடா புது பேஜாரு?" என்றார் மாமா. பிறகு வனஜா பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியது எனக்குக் கண்ணை மூடியிருக்கும்போதே தெரிந்தது. "ஏம்மா, நானும் எவ்ளோ நேரமா பாக்கறேன். நீ ஒண்டியா உக்காந்துகினு வாசலையே பாக்கற. ஒரு ஜனம் வர்லை. பொணத்து மேல ஒரு கோடித்துணி இல்ல. இதை நாங்க பாத்துகினு எப்படிம்மா கீழ உக்காந்திருக்கறது?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார், விட்டது சனியன் என்று நான் நிம்மதியானேன். ஒரு நிமிடத்தில் திரும்பி வந்தார். எதிரே இருந்த தன் கொட்டகையிலிருந்து ஒரு புது லுங்கியைக் கொண்டு வந்து, மடிப்பு உதறி, என்மேல் போர்த்தினார். சாவு வீட்டுக்குப் போகிற உறவுக்காரர் புதுத்துணி கொண்டுபோய்ப் போர்த்துவார் அல்லவா, அந்தக் கோடி. வெள்ளை வேட்டிதான் முறை. லுங்கி நெய்கிறவரிடம் லுங்கிதானே இருக்கும்?

அவ்வளவுதான். அவர் ஒருத்தர் வந்தபின் மற்றவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்? எல்லோருமே தறிக்காரர்கள். எல்லோர் வீடும் கூப்பிடு தூரத்தில். நாற்காலிகள் நகர்கிற சத்தம், படியில் செருப்புக் கழற்றுகிற சத்தம். ஆம், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினார்கள். சிலர் நோட்டைக் குத்தினார்கள், பலர் லுங்கி கொண்டு வந்தார்கள். ஒரு பெண் தன் தலையிலிருந்த பூவை எடுத்து என் காலடியில் வைத்தாள். நான்கைந்து பெண்கள் வனஜாவைச் சுற்றி உட்கார்ந்தே விட்டார்கள். ஒருத்தர் மட்டும் வனஜாவிடம், "கையில காசில்லமா, க்யூஆர் கோடு எங்க ஒட்டியிருக்கு?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. என்மேல் எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று லுங்கியைத் தூக்கியும் பார்த்தார்.

நாடகம் நாசமாகிவிட்டது, மேடம் இப்போதே பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார், எல்லாம் என் நாலாவது வாக்கியத்தால் என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் வசனமே இல்லாத வனஜா பேச ஆரம்பித்தாள்.

"அப்பா, முனுசாமி மாமா வந்திருக்காருப்பா. ஏகாம்பரம் புள்ள. யாரும் வர மாட்டாங்கன்னு சொன்னியேப்பா, மொதல் கோடி அவருதுதான்."

ஒப்பாரி மாதிரியும் இல்லை, அறிவிப்பு மாதிரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல். ஒவ்வொருத்தராக ஏறி வர, மெதுவாகப் பெயர் கேட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். "சரோஜாம்மா வந்திருக்காங்கப்பா. பூ கொண்டாந்திருக்காங்க." பெயர் வந்த திருப்தியில் ஒவ்வொருத்தரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்கள். கீழே உட்கார்ந்திருந்தவர்கள் அழுவது எனக்குக் கேட்டது.

முந்நூறு பேர் முன்னால் பெயர் சொல்கிறார்கள் என்றால் ராஜமாணிக்கத்தால் பின்வரிசையில் இருக்க முடியுமா? அவரும் ஏறி வந்துவிட்டார். சென்ட் வாசனை. ஒரு ஐம்பது ரூபாய் நோட்டைக் குத்திவிட்டு, "பள்ளிகொண்டா ராஜமாணிக்கம்," என்று தானே எடுத்துக் கொடுத்தார்.

வனஜா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "அப்பா, மனை விக்கிற ராஜமாணிக்கம் வந்திருக்காருப்பா. உசுரோட இருக்கசொல்ல நமக்கு அரை கிரவுண்டுக்கு வழியில்ல. இப்ப ஆறடி போதும்னு அவர்கிட்ட சொல்லுப்பா."

அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரித்தது. சிரித்துவிட்டு மறுபடியும் அழுதது. ராஜமாணிக்கம் கும்பிட்டுக்கொண்டே இறங்கினார் என்று பிறகு சொன்னார்கள்.

இதற்குள் என் நிலைமை மோசமாகிவிட்டது. என்மேல் எத்தனை லுங்கிகள் என்று தெரியவில்லை. மரியாதை தெரிந்த ஒருவர் முகத்தையும் மூடிவிட்டார். எல்லாமே புதுசு, கஞ்சி மொடமொடப்பு போகாதவை, சாயத்து நெடியும் பஞ்சுத் தூசும் வேறு. வேர்வை காதுக்குள் ஓடியது. ஊக்குக் குத்திய இடம் எரிந்தது. எந்தத் தூசிக்குப் பயந்து தறியை விட்டு ஓடினேனோ அதே தூசி பதினேழு மடிப்பாக என் மூக்கின் மேல். பல்லைக் கடித்தேன். மூச்சை அடக்கினேன். கணக்கு வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

தும்மினேன்.

சாதாரணத் தும்மல் இல்லை. லுங்கிகளோடு சேர்ந்து எழுந்து உட்கார்ந்துவிட்டேன். முகத்து லுங்கி சரிய, மூக்குப் பஞ்சு ஒன்று பறந்து போய் முதல் வரிசையில் விழுந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களில் ஒருத்தர் எழுந்து ஓடத் தயாராகிவிட்டார். நான் நேராக அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள். அரைமணி நேரமாக முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்த வாயைத் திறந்து, "நூறு," என்றாள்.

குழந்தை தும்மினால் ஆயுசு நூறு என்று வாழ்த்துவோமே, அந்த நூறு. அம்மா நினைத்துச் சொல்லவில்லை. தானாக வந்துவிட்டது. சொல்லிவிட்டு அவள் விட்ட மூச்சு எனக்கு மேடை வரை கேட்டது. மண்டபமே சிரிக்க ஆரம்பித்தது. இனி என்ன செய்வதென்று தெரியாமல் நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

வனஜா என் நெஞ்சில் கைவைத்து (சரியாக ஊக்கு இருந்த இடத்தில்) என்னைப் பின்னால் தள்ளினாள்.

"படுப்பா," என்றாள். "இன்னும் ஆளுங்க வரணும்."

படுத்தேன். அதன்பின் எழவில்லை. விளக்கு அணைந்தது. மேளம்போல் கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் மேடம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். நான் கட்டைவிரல் முடிச்சை அவிழ்க்காமலே குதித்துக் குதித்துப் போய் நின்றேன். வேலையிலிருந்து நிறுத்துகிறவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த முகத்தைத் தேடினேன்.

"எத்தனை வாக்கியம் சொன்ன?"

"சரியா ஒண்ணுதான் மேடம்."

மேடம் விளக்குச் சுவிட்சைக் காட்டினார். "மாமா ஏறினதுமே லைட்டை அணைக்கப் போனேன்," என்றார். "கை வரலை. யாருமே வராத சாவுன்னு நான் மூணு மாசம் உக்காந்து எழுதினேன். உங்க ஊர் ஜனங்க அதை மூணு நிமிஷம் பாக்க மாட்டேங்கறாங்க. எழுந்து வந்துடறாங்க. நான் என்ன பண்றது குமரேசா?" சொல்லிக்கொண்டே சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு அடி எடுத்து வைத்தேன். கால் கட்டு தடுக்கி அவர் காலடியிலேயே விழுந்தேன்.

வாசலில் பெட்டி சுத்தமாகக் காலி. கொடுக்க வேண்டியதையெல்லாம் என்மேலேயே கொடுத்துவிட்டார்கள். லுங்கி மொத்தம் பதினேழு. லாங் பஜாரில் ஒரு ஜவுளிக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார். குத்தியிருந்த நோட்டுகளையும் சேர்த்து, வேனும் லைட்டும் போக, இன்னொரு ஊருக்கும் தாங்கியது. ராஜமாணிக்கம் பேனரைப் பற்றி வாயே திறக்கவில்லை. "அந்தப் பொண்ணு என் பேரைச் சொன்ன மாதிரி எந்த பேனர் மேடம் சொல்லும்? அடுத்தது எந்த ஊரு?" என்றார். இன்றைக்கும் நாங்கள் எங்கே போட்டாலும் வந்து ஐம்பது ரூபாய் குத்திவிட்டு, ஆறடி வசனத்தைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.

வீட்டில்தான் நிலவரம் சரியில்லை. அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டு, தலையில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினாள். "மொதலாளின்னு சொன்னியேடா பாவி," என்பதைத் தவிர வேறு பேசவில்லை. கடைசியில் முனுசாமி மாமாதான் வந்து, "உசுரோட இருக்கறவனுக்குக் கோடி விழுந்தா ஆயுசு கெட்டி அக்கா. இவனுக்குப் பதினேழு. இனிமே இவனை யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது," என்று சமாதானம் செய்தார். அன்றைக்கு ராத்திரி சோறு போடும்போது அம்மா ஒரு கரண்டி நெய் அதிகமாக ஊற்றினாள். எனக்குப் போன உயிர் வந்தது.

மேடம் கடைசிக் காட்சியைத் திருத்தி எழுதிவிட்டார். திருத்தம் என்றால், பத்து நிமிடத்துக்குப் பதில் 'ஆட்கள் வந்து முடியும்வரை' என்று ஒரே வரி. கலவை என்ற ஊரில் போட்டபோது வேர்க்கடலை மூட்டையும் கத்தரிக்காயும் விழுந்தன. ஆம்பூரில் என் செக்‌ஷன் ஆட்கள் ஒரு ஜோடி புது ஷூவைக் கொண்டு வந்து பிணத்தின் காலில் மாட்டி, அளவு சரியாக இருக்கிறதா என்று கட்டைவிரலை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனார்கள். பிணம் இன்றும் நான்தான். அறிவிப்பு மட்டும் என்னிடம் இல்லை. அதை மேடமே செய்கிறார், மூன்றே வாக்கியம். மூன்றாவது, "தயவுசெய்து ஊக்கு வேண்டாம்."

ஒன்றரை வருடம் கழித்து வனஜாவுக்கும் எனக்கும் கல்யாணம் ஆயிற்று. மேடையில் அப்பா என்று கூப்பிட்டவளையே கட்டிக்கொண்டவன் என்று இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் இன்னமும் சலிக்காமல் ஓட்டுகிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குத் தூசி ஆகாது, தெருவெல்லாம் தறி, ஒரு நாளைக்கு நாலு தடவையாவது தும்முவேன். தும்மிய மறுவிநாடி சமையலறையிலிருந்து, "படுப்பா, இன்னும் ஆளுங்க வரணும்," என்று குரல் வரும். அது வனஜா இல்லை. அம்மா. வீடு முழுக்கச் சிரித்து முடித்தபின், யாருக்கும் கேட்கக் கூடாது என்கிற மாதிரி மெதுவாக, "நூறு," என்றும் சொல்லிக்கொள்வாள்.